ரொட்டிக்கு வந்த பணமும் வலிக்கு வந்த பணமும்

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு 'ரெக்கவரி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கொடுத்ததைத் திருப்பிப் பிடிப்பதுதான் அது. பில்லும் வவுச்சருமாக வாழ்க்கையைக் கழித்த எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் வயிற்றில் ஒரு சின்னக் கலக்கம் வரும். அரசு தன் பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயம்தான். ஆனால் எந்தப் பணத்திலிருந்து பிடிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? இந்தக் கேள்விக்குப் பிரான்சு தேசம் ஐம்பது வருடமாக விடை தேடியது. நம் புதுச்சேரியில் பல வீட்டுப் பிள்ளைகள் அங்கே பிழைக்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் நமக்கு அந்நியமில்லை. பள்ளியில் படித்த பிரெஞ்சுக்கு இந்த வயதில் வேறு வேலையும் இல்லை. அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. 1898 ஏப்ரல் 9 அன்று பிரான்சில் தொழிலாளர் விபத்துச் சட்டம் வந்தது. அதற்கு முன், இயந்திரத்தில் கை போனவன் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் காசு. புதிய சட்டம் அந்தச் சுமையை எடுத்துவிட்டது. யார் தவறு என்ற கேள்வி இல்லை. வேலையில் அடிபட்டால் கூலியை வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகை உறுதி. ஆனால் அது முழு ஈடு இல்லை. கூலிக்கு மட்டும்தான் கணக்கு, வலிக்குக் கணக்கில்லை. இதை நினைவில் வையுங்கள், கதையின் கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945 அக்டோபரில், சமூகப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. மறு வருடமே தொழில் விபத்துகளையும் அதன் கீழ் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் படி, நிரந்தர ஊனத்துக்கு 'ரென்த்' என்னும் வாழ்நாள் தொகை, எல்லாவற்றையும் தருவது 'கெஸ்' எனப்படும் நிதியம்.

இப்போது ஒருவரைக் கார் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதியம் உடனே செலவைப் பார்த்துக்கொள்கிறது. பிறகு மோதியவரோ அவருடைய காப்பீட்டு நிறுவனமோ இழப்பீடு தரும்போது, நிதியம் தான் கொடுத்ததை அதிலிருந்து கேட்கிறது. இதில் தப்பில்லை. ஒரே ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது முறையாகாது. தவறு செய்தவர் பொதுப் பணத்தின் நிழலில் தப்புவதும் சரியில்லை. எந்த அரசு ஊழியரும் இதை ஒப்புக்கொள்வார். அரசு ஊழியர் அடிபட்டாலும் இதே கதைதான். விடுப்புச் சம்பளத்தை மோதியவரிடம் வசூலிக்கும் உரிமையை 1959 ஜனவரி 7 ஆணை அரசுக்குத் தந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வந்த இழப்பீடு முழுவதையும் ஒரே மூட்டையாகப் பார்த்து, அதிலிருந்து நிதியம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் விளங்கும்.

அடிபட்டவரின் மொத்த இழப்பு 1,00,000 பிராங்க். அதில் மருத்துவமும் சம்பளமும் 60,000, வலிக்கும் முகத்தழும்புக்கும் 40,000. நிதியம் 60,000 கொடுத்துவிட்டது. விபத்தில் பாதித் தவறு அடிபட்டவர் மேல் என்று தீர்ப்பு. ஆகவே மோதியவர் தர வேண்டியது 50,000 மட்டும். நிதியம் என்ன செய்யும்? தனக்கு 60,000 வர வேண்டும் என்று சொல்லி, அந்த 50,000-ஐயும் எடுத்துக்கொள்ளும். வலியை அனுபவித்தவர் கைக்கு வருவது பூஜ்யம். வலிக்கென்று நிதியம் ஒரு சல்லிக்காசும் தந்ததில்லை. ஆனாலும் வலிக்கு வந்த பணம் அதன் பெட்டிக்குள் போயிற்று.

இதை மாற்றியது 1973 டிசம்பர் 27 சட்டம். பொம்பிதூ ஜனாதிபதியாக இருந்த காலம். சட்டம் சின்னது, சொன்னது பெரிது. உடல் வலி, மன வலி, உருவக் குலைவு, வாழ்க்கையின் இன்பங்களை இழந்தது ஆகியவற்றுக்கான தொகை அடிபட்டவரின் சொந்தச் சொத்து, அதில் நிதியம் கை வைக்க முடியாது. ஆள் இறந்துபோனால், குடும்பத்தாரின் மன வேதனைக்குத் தரும் தொகைக்கும் இதே விலக்கு. மேலே சொன்ன கணக்கை இந்தச் சட்டப்படி போட்டால், 60,000-இல் பாதியான 30,000 நிதியத்துக்கு, 40,000-இல் பாதியான 20,000 அடிபட்டவருக்கு.

எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டு அம்மாள் பிரான்சிலிருந்து வரும் கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார். அவருடைய மகன் பாரீஸ் புறநகரில் வேலைக்குப் போகும் வழியில் கார் மோதிக் கால் முறிந்தவர். கணக்குப் போட்ட கடிதத்தில் நாலைந்து வரி. மருத்துவம், சம்பளம் என்ற வரிகளுக்கு எதிரே நிதியத்தின் பெயர். கடைசி இரண்டு வரிக்கு எதிரே மகனின் பெயர் மட்டும். ஒன்று பட்ட வலிக்கு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தாங்க் விளையாட முடியாமல் போனதற்கு. அந்த அம்மாள் நம்பவில்லை. "முசே, வெளையாடாமப் போனதுக்குக்கூடவா பணம்? நாளைக்குத் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?" என்றார். கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல முடிந்தது 1973 சட்டத்தால்தான்.

1985 ஜூலை 5 அன்று, பதெந்தேர் நீதி அமைச்சராக இருந்தபோது, சாலை விபத்துச் சட்டம் வந்தது. எந்தெந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்று அது பட்டியல் போட்டது. பட்டியலில் இல்லாததைக் கேட்க முடியாது. சொந்த வேதனைக்கான விலக்கும் அப்படியே தொடர்ந்தது.

ஆனால் சட்டம் போட்டால் மட்டும் போதுமா? எது சொந்த வேதனை, எது பொருள் இழப்பு என்று யார் பிரிப்பது? முழங்கால் மடங்காதவன் சம்பளத்தை மட்டுமா இழக்கிறான்? மாடிப்படி ஏறுவது, குழந்தையைத் தூக்குவது, சம்மணம் போட்டு உட்காருவது, எல்லாம் போகிறது. இதற்குத் தரும் பணம் எந்தப் பக்கம்? 2003 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றமான கூர் தெ கசாசியோன், முழு அமர்வில், உடலின் திறன் குறைந்ததற்கான தொகை விலக்கில் சேராது என்று சொல்லிவிட்டது. அதாவது நிதியம் அதிலிருந்து பிடிக்கலாம்.

பாதிக்கப்பட்டோர் பக்கமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அதே நீதிமன்றத்தின் ஓர் அமர்வுக்குத் தலைவரான தென்தியாக் தலைமையில் குழு அமைந்து, 2005 ஜூலையில் அறிக்கை தந்தது. மனிதனுக்கு ஏற்படும் இழப்புகளை வரி வரியாகப் பிரித்த பட்டியல் அது. அதை ஒட்டி 2006 டிசம்பர் 21 சட்டம் இரண்டு விதிகளைச் செய்தது. ஒன்று, பிடித்தம் வரிக்கு வரி. சம்பளத்துக்குக் கொடுத்ததைச் சம்பள வரியில்தான் பிடிக்கலாம். இன்னொன்று, பணம் போதாவிட்டால் அடிபட்டவருக்கு முதல் பந்தி, நிதியத்துக்கு மிச்சம்.

இதற்கும் ஒரு கணக்கு. சம்பள இழப்பு 30,000 யூரோ. நிதியம் தந்தது 20,000, ஆக ஆளுக்குக் குறைவு 10,000. மோதியவர் பாதியாகத் தருவது 15,000. அதில் முதலில் ஆளுக்கு 10,000, நிதியத்துக்கு 5,000. பழைய வழக்கப்படி 15,000-மும் நிதியத்துக்கே போயிருக்கும்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. 2009-இல் நீதிமன்றம் ஒரு புதுக் கதவைத் திறந்தது. தொழில் விபத்துக்குத் தரும் ரென்த், கூலி இழப்புக்கு மட்டுமின்றி உடல் திறன் இழப்புக்கும் சேர்த்துத்தான் என்று தீர்ப்பு. அப்படியானால் அந்த வரியிலும் பிடிக்கலாம். முன்வாசலில் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்ட கதை.

அந்தக் கதவு மூடப்பட்டது 2023 ஜனவரி 20 அன்று. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து நுரையீரல் புற்றுநோயில் இறந்த இரண்டு தொழிலாளர்களின் வழக்கு. குடும்பத்தார் கேட்டது, அவர்கள் பட்ட வேதனைக்கான ஈடு. மறுபடி முழு அமர்வு கூடித் தன் பழைய முடிவை மாற்றியது. ரென்த் உடல் திறன் இழப்புக்கு ஈடாகாது, வேதனைக்குத் தனியே கேட்கலாம். ரென்த் எப்படிக் கணக்கிடப்படுகிறது? சம்பளத்தை ஊன விகிதத்தால் பெருக்கி. 1898-இல் பார்த்த அதே கூலிக் கணக்கு. ஒரே விரலை இழந்த எஞ்சினீயருக்கும் கூலிக்காரனுக்கும் வலி ஒன்றுதான், ரென்த் ஒன்றில்லை. அப்படியிருக்க அது வலிக்கான பணம் எப்படி ஆகும்?

1973-க்கும் 2023-க்கும் இடையே ஐம்பது வருடம். 2025-இல் வந்த சட்டமோ ரென்த்தையே தொழில் பகுதி, உடல் பகுதி என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. வழக்கறிஞர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நம் நாட்டிலும் இதே சிந்தனை உண்டு. 1998-இல் ஹெலன் ரெபெல்லோ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையை விபத்து இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்றது. 2016-இல் சஷி சர்மா வழக்கில், ஹரியானா அரசு இறந்த ஊழியரின் குடும்பத்துக்குத் தந்த சம்பள உதவியை, சம்பள இழப்பு என்ற வரியில் மட்டும் கழிக்கலாம், குடும்ப ஓய்வூதியத்தையும் சேமநல நிதியையும் தொடக் கூடாது என்றது. இனத்துக்கு இனம்தான் கழிவு. பாரீசும் டில்லியும் தனித்தனி வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

அரசு இரக்கமில்லாதது என்று சொல்ல இதை எழுதவில்லை. பொதுப் பணத்தைக் காப்பாற்ற வேண்டியது அதன் கடமை. அந்தக் கடமையைச் செய்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். ஆனால் அரசு ரொட்டிக்குக் கொடுத்தால் ரொட்டிக்கு வந்ததிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். வலிக்கு அது எதுவும் கொடுத்ததில்லை, அதனால் வலிக்கு வந்ததில் அதற்குப் பங்கில்லை.

பிரான்சிலோ இங்கேயோ உங்கள் பிள்ளைகளுக்கு விபத்து இழப்பீட்டுக் கடிதம் வந்தால், அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேதனை என்ற வரியில் வேறு யார் பெயராவது இருந்தால், ஏன் என்று எழுதிக் கேட்கட்டும்.