ஆஸ்போர்னின் கோபமும் கல்வராயன் மலையும்

ஆங்கில இலக்கியம் ஒரு கல்லூரிப் பாடமாக முதலில் வேர்விட்டது இங்கிலாந்தில் அல்ல, இந்தியாவில்தான் என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1894இல்தான் வருகிறது. ஆள்வதற்காகக் கொண்டுவந்த பாடம், ஆண்டவன் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் படிக்கப் போகிற முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் 'தற்கால பிரிட்டிஷ் நாடகம், கவிதை' என்று ஒரு தாள் உண்டு. நான் தமிழ் எம்.ஏ. வெளியே நின்று பார்க்கிறவனுக்குச் சில கேள்விகள்.

1956 மே 8 அன்று லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' மேடையேறியது. நம் வகுப்பில் இது 'கோபக்கார இளைஞர்கள்: குறிப்பு வரைக' என்று சுருங்கிவிடுகிறது. யார் மேல் கோபம், எதற்காக என்று கேட்டால் நோட்ஸில் பதில் இருக்காது. ஆஸ்போர்னின் நாயகன் தன் கோபத்துக்குச் சரியான இலக்கு கிடைக்காமல் மனைவியின் மேல் பாய்கிறான். அதே 1956இல் கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலையில், நிலமும் வரியும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தன. அங்கே இலக்கு கண்ணெதிரே நின்றது. ஜாகீர் ஒழிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976இல். நாடே வாய்மூடிக் கிடந்த நெருக்கடிநிலையின்போதுதான் மலைக்கு விடிந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, தணிக்கை. 1737 முதல் லண்டனில் நாடகப் பிரதியை அரண்மனை அதிகாரி ஒருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்' (1965) கிளப்பிய தகராறுக்குப் பின், 1968இல் அது ஒழிந்தது. நமக்கு 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டம் 2017ஆம் ஆண்டு நீக்கச் சட்டத்தில்தான் போனது. நடுவே 1954இல் நம்மவர்களே ஒரு சட்டம் போட்டார்கள், எம்.ஆர். ராதாவின் வாயை அடைக்கத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. பாண்டைப் படிக்கிற வகுப்பில் ராதாவின் பெயர் வருவதில்லை. அது தமிழ்த் துறை விவகாரமாம். தமிழ்த் துறையிலும் வருவதில்லை என்பது எங்கள் லட்சணம்.

கவிதைக்கு வருவோம். லீட்ஸ் நகரத்து ரொட்டிக்கடைத் தொழிலாளி மகன் டோனி ஹாரிசன். வகுப்பில் கீட்ஸை வாசித்தபோது அவருடைய உச்சரிப்பை வாத்தியார் கேலி செய்தார். அந்த அவமானத்தையே பின்னாளில் கவிதையாக்கினார். வெள்ளிமலையிலிருந்து வருகிற மாணவிக்கு இதற்கு உரை தேவையில்லை. தன் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்த ஒருநாள் அவளுக்கும் இருக்கும். ஆனால் தேர்வில் அவளிடம் கேட்கப்படுவது ஹாரிசனின் யாப்பு.

பிரிட்டிஷ் இலக்கியத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஜாகீர் காலத்தைப் பார்த்த கிழவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். 1956 மேயில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஆஸ்போர்னைப் பற்றிய விடைத்தாளில் அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.