மின்னோட்டம் (கடத்திகளில்)
கடத்தியின் வழியே மின்னூட்டம் பாயும் வீதம் மின்னோட்டம், பேச்சுவழக்கில் 'கரண்ட்'. இதன் அலகு ஆம்பியர். ஒரு ஆம்பியர் ஓடும்போது கம்பியின் குறுக்குவெட்டை நொடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் கடக்கின்றன. அவை முன்னேறும் வேகமோ நத்தைக்கும் கீழே: 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டத்துக்கு நொடிக்குச் சுமார் 0.07 மி.மீ. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரியக் காரணம், மின்புலம் கம்பி நெடுக ஒளிவேகத்தை ஒட்டிப் பரவுவதே.

வெப்பநிலை மாறாத கடத்தியில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று இயற்பியலர் ஓம் 1827இல் வெளியிட்டார். கம்பி நீண்டால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். அலுமினியத்தின் தன்மின்தடை செம்பைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு.

விழுப்புரம் மாவட்டத்தின் பனமலை போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில் கம்பித் தடையின் விளைவை நேரில் காணலாம். 415 வோல்ட் மும்முனை இணைப்பில் 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். மின்மாற்றியிலிருந்து வெகுதொலைவில், லைனின் கடைக்கோடியில் உள்ள கிணற்றுக்கு வருவது 'லோ வோல்டேஜ்'. வழிநெடுகக் கம்பியின் தடை தின்றது போக மிச்சம். அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையத்தானே வேண்டும்? மோட்டார் வெறும் கம்பியல்ல. அழுத்தம் குறையும்போது அதன் வேகம் சற்றே தளர்கிறது. அதே நீரை இறைக்க அது கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது: 7 ஆம்பியர் 9 ஆனால் சூடு 1.65 மடங்கு. மோட்டார் காயிலின் வார்னிஷ் பூச்சு தீய்ந்த வாடை அடித்தால் காயில் போயிற்று, மறுபடி கட்ட வேண்டியதுதான்.