தாய் இறப்பு ஆய்வும் ‘தணிக்கை’ என்னும் சொல்லும்

கணக்குக்கும் தணிக்கை, திரைப்படத்துக்கும் தணிக்கை. ஆங்கிலத்தில் ‘ஆடிட்’, ‘சென்சார்’ எனப் பிரிந்து நிற்பவற்றைத் தமிழ் ஒரே சொல்லால் வழங்குகிறது. (அச்சொல் ‘தணி’ என்னும் வினையிலிருந்து பிறந்ததன்று, உருது வழியே வந்தது, தெலுங்கின் ‘தனிகீ’க்கு உறவு.) ‘ஆடிட்’ என்பதன் வேரோ ‘கேட்டல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை. கணக்குகளை உரக்க வாசிக்கச் செய்து, செவியால் சரிபார்த்த காலத்தின் எச்சம் அது. மருத்துவமனைகளின் தரமேம்பாட்டு வரலாற்றில், குறிப்பாகத் தாய் இறப்பு ஆய்வின் வரலாற்றில், இவ்விரு பொருள்களும் மோதிக்கொண்டே வந்துள்ளன.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952இல் தாய் இறப்புகள் குறித்த இரகசிய விசாரணை தொடங்கியது. முதல் அறிக்கை 1957இல் வெளிவந்தது. இறந்தவரோ மருத்துவரோ அதில் அடையாளம் காட்டப்படுவதில்லை. யார் தவறினார் என்பதை விட, எந்த இடத்தில் எது தவறியது என்பதே கேள்வி. இரகசியம் என்பது இங்கே மறைத்தல் அன்று; உள்ளதை உள்ளபடி எழுதுவதற்கான உத்தரவாதம்.

இந்தியாவில் இம்முறையை முதலில் முழுமையாகக் கைக்கொண்டது கேரளம். 2004இல் அம்மாநில மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, அரசின் ஆதரவோடு இரகசிய ஆய்வைத் தொடங்கியது. பெயர்கள் நீக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளை மதிப்பீட்டாளர்கள் படித்தனர். ‘தாய்மார் ஏன் இறக்கின்றனர்’ என்னும் பொருளில் பிரித்தானிய அறிக்கை ஏற்கெனவே சூடியிருந்த தலைப்பையே கேரள அறிக்கையும் ஏற்றது. இரத்தப்போக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றெனத் தெரிந்தபின், அதனைத் தடுப்பதற்கான தர அளவுகோல்களைப் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனத்தின் துணையோடு வகுத்தனர். அறிக்கை அலமாரியில் உறங்கவில்லை என்பதே அம்முயற்சியின் சிறப்பு.

நடுவண் அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள் ‘ரிவியூ’ என்ற சொல்லைத் தேர்ந்தன. இந்தியில் அது ‘சமீக்ஷா’. அதன் வேர் ‘காணல்’. 2017இல் ‘கண்காணிப்பும் எதிர்வினையும்’ என்னும் பொருள்படப் பெயர் மீண்டும் மாறியது. எண்ணுவது போதாது, கண்டறிந்ததன் மீது செயற்பட வேண்டும் என்னும் நிபந்தனை பெயரிலேயே ஏறிவிட்டது. ஆயினும் 2010இன் ஒரு கூறே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆய்வுக்கு இறந்தவரின் உறவினர் அழைக்கப்பட வேண்டும். வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், மருத்துவமனை சென்றடையத் தாமதம், சென்றபின் சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்னும் மூன்றில் முதலிரண்டைப் பற்றி மருத்துவமனைக் குறிப்பேடு பெரும்பாலும் ஊமை. அவற்றை அறிந்தவர் உறவினரே. அங்கே ‘ஆடிட்’ தன் வேர்ப்பொருளுக்குத் திரும்புகிறது.

ஆனால் அதே மேசையின் மறுபுறம் ஒரு செவிலியர் ஆட்சியரின் முன் அமர்ந்திருக்கிறார். அவர் தண்டனையை எதிர்பார்த்தால், இரத்தப்போக்கு தொடங்கிய நேரம் குறிப்பேட்டில் சற்றே நகரும். ஒரு வரி விடுபடும். அக்கணத்தில் ஆய்வு, தமிழ்ச் சொல்லின் மற்றைப் பொருளில், தணிக்கையாகிவிடுகிறது. கேரளம் பெயர்களை நீக்கியதும், நாடு தழுவிய முறை ஆட்சியரை அமர்த்தியதும் இச்சிக்கலுக்கான இரு வேறு விடைகள். முதலாவதில் உண்மை எளிதில் வெளிவரும். இரண்டாவதில் ஆணை விரைந்து பிறக்கும்.

இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் 2001-03இல் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 301, 2018-20இல் 97. இவ்வீழ்ச்சியை ஆய்வுக் குழுக்களின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையன்று. மருத்துவமனைப் பேறுகள் பெருகியதும் அக்காலத்திலேயே. களப் படிவங்களைத் தமிழாக்கும் நண்பர்கள் ‘தணிக்கை’யைத் தவிர்த்து ‘ஆய்வு’ என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மலையாளத்திலும் கன்னடத்திலும் செவிலியர் தமக்குள் இதனை எச்சொல்லால் குறிக்கின்றனர் என்பதை அறிந்தோர் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம்.