தாமாரின் முகம்: சித்திரக்கதையில் தொடக்கநூல்

அமெரிக்க ஓவியர் ராபர்ட் கிரம்ப், தொடக்கநூலின் 50 அதிகாரங்களையும் சித்திரக்கதையாக வரைந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்டார். 1960களில் ஆபாசமும் கிண்டலும் கலந்த படக்கதைகளால் பெயர் பெற்றவர் அவர்; கத்தோலிக்கராக வளர்ந்து, பின்னர் நம்பிக்கையை விட்டு விலகியவர். எனவே இந்நூலும் கேலியாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அவர் இறைவார்த்தையில் எதையும் விட்டுவிடாமல் வரைந்திருக்கிறார்.

விட்டுவிடாததே நமக்குச் சங்கடம். லோத்தின் புதல்வியர் (தொநூ 19), தீனா (34), தாமார் (38) ஆகியோரின் கதைகளை ஞாயிறு வாசகங்களில் நாம் கேட்பதில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் மெல்லத் தாண்டிவிடுகிறோம். ஓவியருக்கோ தாண்ட வழியில்லை. கட்டத்துக்குக் கட்டம் ஒரு முகத்தை வரைந்தாக வேண்டும்.

தாமாரை எடுத்துக்கொள்வோம். யூதாவின் இரு புதல்வர்களுக்கும் அடுத்தடுத்து மனைவியாகி, கைம்பெண்ணானவர். மூன்றாம் மகன் வளரட்டும் என்று சொல்லித் தந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே மறக்கப்பட்டவர். முக்காடிட்டு வழியோரம் அமர்ந்த அவரை விலைமகள் என்று எண்ணி யூதா நெருங்குகிறார். பின்னர் அவர் கருவுற்றதை அறிந்ததும், எரித்துவிடக் கட்டளையிடுபவரும் அதே யூதாதான்! தம்முடைய முத்திரையையும் கைக்கோலையும் கண்ட பிறகே, தம்மைவிட அவர் நேர்மையானவர் என்று ஒப்புக்கொள்கிறார். இந்தத் தாமாரின் பெயரைத்தான் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில், இயேசுவின் மூதாதையர் பட்டியலில் (மத் 1:3) கேட்கிறோம். எத்தனை பேர் கவனித்திருப்போம்?

பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் காலத்துக்கு உட்பட்டவையும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இறைவெளிப்பாடு’ ஏடு (எண் 15) 1965லேயே கூறிவிட்டது. ஆகவே இப்பகுதிகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

கிரம்பின் நூலில் எனக்கு உடன்பாடில்லாதது வேறு. கடவுளை நீண்ட வெண்தாடிக் கிழவராக வரைந்துவிட்டார். விவிலியம் அப்படி ஒரு முகத்தை அங்கே தரவில்லை. ஒருமுறை மனதில் பதிந்த படம் செபத்திலும் வந்து நிற்கும். மேலும், படைப்பின் ஆறு நாள்களும் யோசேப்பின் வரலாறும் ஒரே கோட்டில் வரையப்படும்போது, இலக்கிய வகைகளின் வேறுபாடு (அதே ஏடு, எண் 12) மறைந்துபோகிறது.

2014இல் வெளிவந்த ‘நோவா’ திரைப்படம் இதற்கு நேர்மாறு. அதில் பேழைக்குள் நோவா தம் பேத்திகளையே கொல்லத் துணிகிறார். இது விவிலியத்தில் இல்லவே இல்லை.

கிரம்பின் நூலைச் சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் படிக்குமாறு அட்டையிலேயே அச்சிட்டுள்ளனர். நான் மறைக்கல்வி மாணவர் கையில் இதைக் கொடுக்கமாட்டேன். பெரியவர்கள் படிக்கலாம், முதலில் 38ஆம் அதிகாரத்தைத் திருவிவிலியத்தில் படித்துவிட்டு, பிறகு படத்தைப் பாருங்கள்.