வென்றும் விலகிய பிரதமர், தோற்றும் நீடித்த அதிபர்: பிரித்தானிய, அமெரிக்க ஆட்சிமுறைகள் குறித்த ஓர் ஒப்பீடு

முன்னுரை

நாடாளுமன்ற முறையையும் அதிபர் முறையையும் ஒப்பிடுவோர் அதிகாரப் பிரிவினையிலிருந்து தொடங்குவது வழக்கம். பதவிக்காலம் முடியும் முன்னர் ஆட்சித் தலைவரை மாற்ற இயலுமா என்னும் வினாவிலிருந்து தொடங்கினால் இரண்டின் இயல்பும் இன்னும் தெளிவாகப் புலப்படும். 1868 மே 16 அன்று அமெரிக்க செனட் அவையில் 35 பேர் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் குற்றவாளி என்றும் 19 பேர் குற்றமற்றவர் என்றும் வாக்களித்தனர். ஜான்சன் பதவியில் நீடித்தார். 1940 மே 8 அன்று பிரித்தானிய மக்களவையில் நெவில் செம்பர்லினின் அரசு 281க்கு 200 என்ற கணக்கில் வென்றது; இரண்டு நாள்களில் அவர் பதவி விலகினார். இவ்விரு வாக்கெடுப்புகளையும் அருகருகே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்கா: குற்றம் தேடிய பெரும்பான்மை

ஜான்சன் தென்மாநிலமான டென்னஸியைச் சேர்ந்தவர், சனநாயகக் கட்சிக்காரர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒற்றுமையின் அடையாளமாக லிங்கன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக ஏற்றார். 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டபின், தம்மைத் தேர்ந்தெடுத்த கட்சியின் கொள்கைக்கே எதிரான ஒருவர் அதிபரானார். விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் குடியுரிமை வழங்கிய 1866ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அவர் ஒப்புதல் மறுத்தார். காங்கிரஸ் அம்மறுப்பை மீறி அதனை நிறைவேற்றியது. அவ்வாண்டின் தேர்தலில் குடியரசுக் கட்சியினர் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட வலிமையைப் பெற்றனர். மக்கள் தீர்ப்பு ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டும் ஆட்சி மாறவில்லை. சட்டம் இயற்றுவது காங்கிரசின் கையில். தென்மாநிலங்களில் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் படைத்தலைவர்களை அமர்த்துவதும் விலக்குவதும் ஜான்சனின் கையில். இம்முரண்பாட்டின் விலையைச் செலுத்தியவர்கள் அம்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களே.

அதிபரை நீக்கத் தேசத்துரோகம், கையூட்டு அல்லது பிற பெருங்குற்றங்களை நிறுவ வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பு. கொள்கைப் பகை அப்பட்டியலில் இல்லை. தெளிவான சட்டமீறல் எதையும் சுட்டாத முதல் முயற்சி 1867 டிசம்பரில் பிரதிநிதிகள் அவையில் 57க்கு 108 என்ற கணக்கில் தோற்றது. எனவே ஒரு குற்றம் தேவைப்பட்டது. செனட்டின் இசைவின்றி உயர் அலுவலர்களை நீக்கக் கூடாது என 1867 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டத்தை மீறி, போர்த்துறைச் செயலாளர் ஸ்டேன்டனை ஜான்சன் 1868 பிப்ரவரியில் நீக்கியபோது அது கிடைத்தது. மூன்றே நாள்களில் பிரதிநிதிகள் அவை 126க்கு 47 என்ற வாக்குகளால் அவர்மீது குற்றஞ்சாட்டியது.

குற்றச்சாட்டின் அடித்தளமோ வலுவற்றது. தம்மை அமர்த்திய அதிபரின் பதவிக்காலம் வரையிலேயே துறைச்செயலாளர்களுக்கு அச்சட்டம் பாதுகாப்பளித்தது. ஸ்டேன்டனை அமர்த்தியவர் லிங்கன். எதிர்வாதிகள் இதனை நன்கு பயன்படுத்தினர். விசாரணை நடைபெறும்போதே, மிதவாத உறுப்பினர்கள் ஏற்கத்தக்க ஸ்கோஃபீல்டை ஜான்சன் போர்த்துறைக்கு முன்மொழிந்தார். துணை அதிபர் பதவி காலியாக இருந்ததால், ஜான்சன் நீக்கப்பட்டால் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட் அதிபராவார் என்பதும் சிலரைத் தயங்க வைத்தது. 54 உறுப்பினர் கொண்ட அவையில் தேவைப்பட்டவை 36 வாக்குகள். குடியரசுக் கட்சியினர் எழுவர் மாறி வாக்களிக்க, ஒரே வாக்கில் ஜான்சன் தப்பினார். அவ்வகைச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1926இல் கருத்துரைத்ததை நோக்க, அந்த எழுவரின் சட்டநோக்கைக் குறைகூற இயலாது. அரசியல் பூசலுக்கு நீதிமன்ற வடிவத்தை மட்டுமே அளித்த அமைப்பையே குறைகூற வேண்டும்.

பிரித்தானியா: குற்றம் தேவைப்படாத நீக்கம்

செம்பர்லின் எச்சட்டத்தையும் மீறவில்லை. நார்வேயில் படைகள் தோற்றன, அவரது தலைமையில் நம்பிக்கை தளர்ந்தது, அவ்வளவே. மே 7, 8 நாள்களில் நடந்த விவாதம் அவையை ஒத்திவைக்கும் எளிய தீர்மானத்தின் மீதானது. ஏறத்தாழ 200ஐத் தாண்டியிருந்த அரசின் வழக்கமான பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியது. ஆளுந்தரப்பினர் சுமார் 40 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மேலும் பலர் வாக்களிக்காது ஒதுங்கினர். அவர் தலைமையின்கீழ்ப் பணியாற்ற இயலாது எனத் தொழிற்கட்சி மறுத்ததும் விலகல் உறுதியாயிற்று. மே 10 அன்று சர்ச்சில் பிரதமரானார். ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நுழைந்ததும் அதே நாளில்தான்.

போர்க்காலத்தில் தலைவரை மாற்றிக்கொள்ளும் இவ்வாய்ப்பே அமைச்சரவை முறையின் சிறப்பு என வால்ட்டர் பேஜெட் 1867இல் நூலாக வெளியிட்ட 'ஆங்கில அரசமைப்பு' வாதிட்டிருந்தது. கிரிமியப் போரின் நடுவே அபர்டீன் அமைச்சரவை வீழ்ந்ததை அவர் சான்றாகக் காட்டினார். எனினும் 1940இன் மாற்றத்தை முழு மக்களாட்சி நிகழ்வாகப் போற்றுவதும் மிகையே. மக்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. 1935இல் தேர்வான அதே அவை 1945வரை நீடித்தது. ஹாலிபாக்ஸா சர்ச்சிலா என்னும் வினா மே 9 அன்று சிலர் மட்டும் கூடிய அறையில் தீர்ந்தது.

விலகிய செம்பர்லின் புதிய போர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபர்வரை பழமைவாதக் கட்சியின் தலைவராகவும் இருந்தார். தீர்ப்பு அவரது தகுதி குறித்ததே அன்றி நேர்மை குறித்ததன்று என்பதால் அது இயன்றது. ஜான்சனோ 1869 மார்ச்வரை முழுக்காலமும் பதவி வகித்து, 1875இல் தம்மை விசாரித்த அதே செனட் அவைக்கு டென்னஸியின் உறுப்பினராகத் திரும்பினார்.