தைராய்டு மாத்திரை டோஸ் கூடினால் எலும்பு தேயுமா? 50 வயதைத் தாண்டிய பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தைராய்டு என்றதும் உடல் எடை, முடி கொட்டுதல், சோர்வு என்றுதான் பேச்சு போகும். எலும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகமானால், சத்தமே இல்லாமல் எலும்பு பலவீனமாகிறது.

எலும்பு கல் மாதிரி அப்படியே இருப்பதில்லை. ஒருவகை செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். இன்னொரு வகை செல்கள் அந்தக் குழியைப் புதிய எலும்பால் நிரப்பும். ஓரிடத்தில் இந்த வேலை முடிய சாதாரணமாக சுமார் 200 நாட்கள் ஆகும். ஹார்மோன் அதிகமானால் இது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிடும். வேகமாக முடிந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அரிக்கிற வேகத்துக்கு நிரப்புகிற வேலை ஈடுகொடுக்காது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் எலும்பு குறைந்துகொண்டே போகும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ஏற்கனவே எலும்பு தேயத் தொடங்கியிருக்கும். அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

தைராய்டு குறைவாக இருப்பவர்களுக்கு?

ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் ஹைப்போ தைராய்டில் எலும்பு புதுப்பிக்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இங்கே கவனிக்க வேண்டியது மாத்திரையின் அளவு. 50 வயதில் எழுதிக் கொடுத்த தைராக்ஸின் டோஸ் 65 வயதில் அதிகமாகிவிடலாம். வயது ஏற ஏற, உடல் எடை குறையக் குறைய, பலருக்குத் தேவை குறையும். ஆனால் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதையே வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய.

ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் குறைந்தால் 'தைராய்டு குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவதும் உண்டு. கணக்கு தலைகீழ். டிஎஸ்ஹெச் மிகவும் குறைந்தால், பெரும்பாலும் ஹார்மோன் கூடிவிட்டது என்று அர்த்தம். 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், டிஎஸ்ஹெச் 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களுக்கு, இயல்பான அளவு உள்ளவர்களைவிட இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து சுமார் 3 மடங்கும், முதுகெலும்பு முறியும் ஆபத்து சுமார் 4 மடங்கும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வேறு பிரச்னைகள் வரும். தைராய்டு புற்றுநோய்க்கு சிகிச்சை பெற்ற சிலருக்கு டாக்டரே வேண்டுமென்றுதான் டிஎஸ்ஹெச்சைக் குறைத்து வைத்திருப்பார். மற்றவர்கள் வருடம் ஒருமுறை டெஸ்ட் எடுத்துக் காட்டினால் போதும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். உயரம் குறைந்தாலோ, முதுகு கூன் விழுந்தாலோ, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலோ டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேட்பது நல்லது.

எலும்புக்காக கால்சியம் சாப்பிடுபவர்கள் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை உடம்பில் சேர்வதை கால்சியம் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, குறைந்தது 4 மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொள்ளலாம்.