தேன் விலக்கும் தேனீக் காப்பும்: கம்பம் பள்ளத்தாக்கு உணர்த்தும் வரலாறு

வைகை அணைக்குத் தென்மேற்கே விரியும் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்கே பாறை முகப்பு ஒன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அரவின் படம் குடையாக விரிய நிற்கும் பார்சுவநாதரை அவற்றுள் எளிதில் அடையாளம் காணலாம். உடனுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. திருக்குணகிரி என வழங்கப்பெற்ற இத்தலத்தில், ஆனைமலையிலும் அழகர்மலையிலும் ஐவர்மலையிலும் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கில் அருகன் அறம் தழைத்திருந்தது என்பதற்கு இப்பாறையே சான்று.

இப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகள் தேனுக்குப் பெயர்பெற்றவை. மேகமலை, வருசநாட்டு மலைகளின் பாறை முகடுகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் மலைத்தேனீக்கள் பேரடைகள் கட்டுகின்றன. பொந்துகளில் அடுக்குத் தேனீயும், புதர்களில் கொம்புத் தேனீயும், சுவர் இடுக்குகளில் கொசுத் தேனீயும் வாழ்கின்றன. அம்மலைகளின் தொல்குடியினரான பளியர் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து வந்துள்ளனர். தேன் மிகுந்த அந்த நாட்டில், தேனை உண்ணாதே என்று கூறிய அறம் நம்முடையது.

முன்னோர் வகுத்த நெறி

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டகத்தில் இல்லறத்தாரின் மூலகுணங்கள் எட்டினை வகுத்தபோது, ஐந்து அணுவிரதங்களுடன் கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதலைச் சேர்த்தார். அந்நூலின் கருத்துகளைத் தமிழில் தந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் இன்றும் ஓதப்படுகிறது. அடையைப் பிழியும்போது முட்டையும் புழுவும் சேர்ந்தே நசுங்கும். புகையிட்டு விரட்டும்போது ஈக்கள் மடியும். அமிர்தசந்திராசாரியார் இன்னும் ஒருபடி சென்று, அடையிலிருந்து தானே சிந்திய தேனையும் விலக்கினார். அதிலும் நுண்ணுயிர்கள் வாழ்வதையே காரணமாகக் காட்டினார்.

தேனீ எத்தகைய உயிர் என்பதிலும் நம் மரபு தெளிவாக உள்ளது. தத்துவார்த்த சூத்திரம் நான்கு பொறிகள் உடைய உயிருக்கு வண்டினத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. தொல்காப்பியரும் தும்பியை நான்கறிவுயிர்களுள் வைத்தார். முனிவர் இல்லறத்தாரை வருத்தாது உணவு ஏற்கும் முறைக்கு, மலரை வாட்டாது தேன் கொள்ளும் வண்டின் பெயரால் பிரமரி என்றே பெயர். சூளாமணியில் தோலாமொழித் தேவர், யானை துரத்தப் பாம்புகள் உறையும் குழியில் தொங்கிக்கொண்டே தேன்துளியை நக்கும் மனிதனைக் காட்டி, உலக இன்பத்தின் இயல்பை உணர்த்தினார். ஆக, தேன் பற்றின் அடையாளமாகவும், தேனீ நல்லொழுக்கத்தின் அடையாளமாகவும் நம் நூல்களில் விளங்குகின்றன.

மாறிய பள்ளத்தாக்கு

1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே பாய்ந்த நீரைக் கிழக்கே திருப்பியது. அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வைகையை அடைகிறது. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை திறக்கப்பட்டபின், வருசநாட்டு நீரும் பெரியாற்று நீரும் ஒரே தேக்கத்தில் சேரலாயின. நெல்லும் வாழையும் திராட்சையும் தென்னையும் பெருகின. மேற்கே ஏலமலைகளில் ஏலத்தோட்டங்கள் விரிந்தன. கம்பம், போடி வட்டாரத் தொழிலாளர் நாள்தோறும் மலையேறி அங்கு உழைக்கின்றனர். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் தலைமை இடங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வளத்தின் அடியில் தேனீயின் உழைப்பு இருக்கிறது. ஏலப்பூ ஒரு நாள் மட்டுமே வாழ்வது. அந்த ஒரு நாளுக்குள் ஈ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். அப்பணியை அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயுமே பெரிதும் செய்கின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கைக்குப் புகழ் உண்டு. முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் மரம் துளைக்கும் கருவண்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. பூசணி, சுரை, பாகல் போன்றவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இடையே ஈ பறக்காவிடில் காய் இல்லை. உலகின் உணவுப் பயிர் வகைகளுள் 75 விழுக்காடு ஓரளவேனும் உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன என்று பன்னாட்டு அறிஞர் குழு 2016-இல் அறிவித்தது.

இரு கேடுகள்

முதற்கேடு நோயாக வந்தது. தாய்லாந்தில் 1976-இல் அறியப்பட்டமையால் தாய் சாக்புரூட் எனப் பெயர்பெற்ற வைரஸ் நோய், 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பைபோல் ஆகி அடைக்குள்ளேயே மடியும். தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் அடுக்குத் தேனீயின் வளர்ப்புக் கூட்டங்களில் 90 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்தன என மதிப்பிடப்படுகிறது. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்து அந்த இனம் மெல்ல மீண்டது.

இரண்டாம் கேடு மனிதன் தெளிக்கும் நஞ்சு. இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் ஏலத்தைத் தாக்குவதால் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. நம் நாட்டில் மிகுதியாக மருந்து தெளிக்கப்படும் பயிர்களுள் ஏலமும் ஒன்று. பூக்கும் காலத்தில் தெளித்த மருந்து, பூவை நாடிவரும் ஈயையும் கொல்கிறது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஆனால் அதன்பின்னும் வேறு மருந்துகள் வந்தன. இமிடாகுளோபிரிட், தையமீத்தாக்சம் போன்றவை பயிரின் சாற்றில் கலந்து மகரந்தத்திலும் மதுவிலும் ஏறுகின்றன. அதை உண்ட தேனீ உடனே மடியாவிடினும், கூட்டுக்குத் திரும்பும் வழியை இழக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் இவ்வகையின் மற்றொரு மருந்தையும் திறந்த வயல்களில் பயன்படுத்த 2018-இல் தடை விதித்தது. நம் வேளாண் மருந்துக் கடைகளில் இவை இன்றும் கிடைக்கின்றன.

நமக்குள்ள பொறுப்பு

அச்சணந்தி முனிவரின் காலத்தில் மனிதனால் தேனீக்கு நேர்ந்த தீங்கு பெரும்பாலும் தேனின் பொருட்டே நேர்ந்தது. தேனை விலக்கியவன் அத்தீங்கிலிருந்து விலகி நின்றான். இன்றோ தேனைத் தொடாத வீட்டின் பாயசத்தில் இடும் ஏலக்காய்க்காகவும் தேனீ மடிகிறது. விரதம் பழுதுபடவில்லை, அது காக்க நினைத்த உயிர்க்கு ஆபத்து வேறு வாயிலாக வருகிறது.

இது கம்பம் பள்ளத்தாக்கோடு நின்றுவிடும் செய்தி அன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம்மவருள் பலர் உழவுக் குடியினர். எள்ளும், திண்டிவனத்துத் தர்பூசணியும் தேனீயை நாடுபவை. மேற்கூறிய மருந்துகள் நம் வயல்களுக்கும் புதியன அல்ல. இல்லறத்தானின் தொழிலில் நேரும் தீங்கை உத்தியோகி ஹிம்சை என வகுத்த நம் ஆசிரியர்கள், அதைத் தவிர்க்க இயலாதபோதும் யத்னாசாரத்தால், அதாவது விழிப்புடன் நடத்தலால், குறைக்கக் கடமைப்பட்டவன் அவன் என்றனர்.

விழிப்பு என்பது இங்குச் சில எளிய செயல்களே. பயிர் பூத்திருக்கும்போது மருந்து தெளிக்காதிருத்தல். பயிரைக் காக்க வேறு வழியே இல்லையெனில், ஈக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் மட்டும் தெளித்தல். விதையிலேயே நஞ்சு பூசியவற்றை ஆராய்ந்து வாங்குதல். வரப்புகளில் துளசியும் தும்பையும் பூக்க விடுதல். ஜினாலய வளாகங்களில் புங்கு, நாவல், இலுப்பை மரங்களை நட்டு வளர்த்தல். அங்கு அடை கட்டிய ஈக்களைத் தீயிட்டு அழிக்காதிருத்தல். வேம்பு முதலியவற்றால் பூச்சியை விரட்டும் முறைகள் இதனினும் நல்லவை. ஏனெனில் பயிரைத் தின்னும் பூச்சியும் உயிரே.

மேகமலைக் காடுகளை உள்ளடக்கி 2021-இல் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. அதனால் மலைத்தேனீயின் உறைவிடத்திற்கும் ஓரளவு காவல் கிடைத்துள்ளது. வயலில் பறக்கும் தேனீயைக் காக்கும் கடமை வயலுக்கு உரியவரிடமே உள்ளது. திருக்குணகிரியின் பாறையை வணங்கச் செல்லும் குடும்பங்கள், தேன் விலக்கு விரதத்துடன் தம் நிலத்தில் பூக்காலத்தில் நஞ்சிடா விரதத்தையும் ஏற்பார்களாயின், அங்குப் பெயர் பொறிக்கப்பெற்ற முனிவர் போதித்த அறம் நம் காலத்திலும் முழுமை பெறும்.